இரவல் பெயருக்குள் ஒரு பெண்

திருமணத்திற்கு முந்தைய இரவு. பதினேழு வயது சோரல் சன்னல் வழியாகக் குதித்து வீட்டை விட்டு ஓடுகிறாள். யாரிடமும் பிடிபடாமல் இருக்க ஆண் வேடம் பூண்டு, 'இஸ்ஸர் ஜேக்கப்ஸ்' என்று பெயரையும் மாற்றிக்கொள்கிறாள். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒருவன் இருக்கிறான். அவனைக் கொல்லவும் சிலர் துடிக்கிறார்கள்.

சாஷா லாம்ப் எழுதி 2024இல் வெளிவந்த 'தி ஃபர்பிடன் புக்' என்னும் ஆங்கில மிகைபுனைவு நாவலின் தொடக்கம் இது. பதின்ம வயதினருக்காக எழுதப்பட்ட இந்தக் கதையில் கடத்தல்காரர்கள், போலிப் பத்திரம் தயாரிப்பவர்கள், தீய தேவதூதர்கள் எல்லாரும் வருகிறார்கள். அனைவரும் தேடுவது ஒரு கறுப்புப் புத்தகத்தை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் நாட்டார் கதைகளில் வேரூன்றிய நாவல் இது. அக்கதைகளில் அடிக்கடி வருவது 'டிப்பக்'. இறந்தவரின் ஆவி உயிரோடிருப்பவர் உடலில் புகுந்துகொள்வதைக் குறிக்கும் சொல் அது. 'ஒட்டிக்கொள்வது' என்ற பொருள் தரும் எபிரேய வேரிலிருந்து பிறந்தது. யூத ஊர்களில் நாட்டார் வழக்குகளைத் திரட்டிய அன்ஸ்கி, இதை வைத்தே 'தி டிப்பக்' நாடகத்தை எழுதினார். 1920இல் வார்சாவில் அது முதன்முறையாக மேடையேறியது. அதில், மணமேடையில் நிற்கும் பெண்ணின் உடலுக்குள் இறந்துபோன காதலனின் ஆவி புகுந்து, அவள் வாய்வழியே பேசுகிறது.

ஆண் வேடமும் இந்த இலக்கியத்திற்குப் புதிதல்ல. நோபெல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் சிறுகதை நாயகி யென்ட்ல், சமய நூல்களைக் கற்பதற்காகவே ஆணாக மாறுகிறாள். அன்று அந்தக் கல்விக்கூடங்களில் பெண்களுக்கு இடமில்லை. ஒருவர் மற்ற பாலினத்தவரின் உடையை அணிவதையே யூத மறைநூல் தடை செய்கிறது. ஆகவே இந்த வேடம் விளையாட்டல்ல, மீறல்.

சோரல் இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறாள். அன்ஸ்கியின் மணப்பெண்ணுக்குள் ஓர் ஆண் தானாகப் புகுகிறான். சோரலோ, ஓர் ஆணின் பெயருக்குள் தானே போய்ப் புகுகிறாள். தப்பிக்க எடுத்த பெயர், அவளுக்குத் தெரியாத ஒருவனின் பகையையும் ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அவன் யார் என்று கண்டுபிடிக்காமல், தான் யாராக வாழ விரும்புகிறாள் என்பதையும் அவளால் முடிவு செய்ய இயலாது.

புத்தகத்திற்காக உயிரையே பணயம் வைப்பார்களா என்று தோன்றலாம். 1836இல் ரஷ்யப் பேரரசு இரண்டே இரண்டு யூத அச்சகங்களை விட்டுவைத்து, மற்றவற்றை மூட உத்தரவிட்டது. தணிக்கையும் கடுமையாக இருந்தது. அந்த மக்களுக்குத் தடை செய்யப்பட்ட நூல் என்பது வெறும் கற்பனையல்ல.

என்ன படிப்பது, யாரை மணப்பது, எப்படி அழைக்கப்படுவது என்பதையெல்லாம் பிறரே தீர்மானித்த உலகம் சோரலுடையது. அவள் சன்னலைத் தாண்ட ஓர் இரவு போதுமாக இருந்தது. தனக்குரிய பெயரைத் தேடிக்கொள்ளத்தான் ஒரு நாவல் முழுதும் தேவைப்படுகிறது. பேய்க்கதை பிடிக்கும் மாணவர்கள் அதற்காகவே இதைக் கையில் எடுக்கலாம். படித்து முடித்தபின் மனத்தில் நிற்பது என்னவோ அந்தப் பெயர்த் தேடல்தான்.