சுரங்கத்துக்குப் போன ஆண்கள், ஆலைக்குப் போன பெண்கள்

1980களின் இறுதியில் லெசோத்தோவின் மலைக்கிராமங்களில் உழைக்கும் வயதுள்ள ஆண்களைப் பார்ப்பது அரிது. நாற்புறமும் சூழ்ந்திருக்கும் தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அடுப்பெரிந்தது அவர்கள் அனுப்பிய கூலியில். 1990களில் தங்கத்தின் விலை இறங்கியது, சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தன. ஆண்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள்.

பிறகு வேலைக்குக் கிளம்பியவர்கள் பெண்கள். மசேரு, மாபுட்சோ நகரங்களில் தைவான் முதலாளிகளின் தையல் ஆலைகள் பெருகின. 2000இல் அமெரிக்கா இயற்றிய 'அகோவா' சட்டம் ஆப்பிரிக்க ஆடைகளுக்கு வரியை நீக்கியது. ஏழை நாடுகள் துணியை எங்கிருந்து தருவித்துத் தைத்தாலும் சலுகை உண்டு என்ற விதியும் அதில் இருந்தது. துணிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த லெசோத்தோவுக்கு உயிர்நாடி அந்த விதிதான். 2004 வாக்கில் ஏறக்குறைய 50,000 பேர், பெரும்பாலும் பெண்கள், லீவைஸ் ஜீன்ஸ் உள்ளிட்ட ஆடைகளைத் தைத்தார்கள். சீனா போன்ற நாடுகளின் ஆடை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய உலகக் கோட்டா முறை அடுத்த ஆண்டே முடிந்தது. சீனப் போட்டியில் ஆலைகள் சில மூடப்பட்டன, மற்றவை தாக்குப்பிடித்தன.

2025 மார்ச்சில், லெசோத்தோவை யாரும் கேள்விப்படாத நாடு என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடாளுமன்ற உரையில் கேலி செய்தார். ஏப்ரலில் அதே நாட்டுக்கு 50 சதவீத வரி அறிவித்தார். முந்தைய ஆண்டில் அமெரிக்கா லெசோத்தோவிலிருந்து வாங்கியது சுமார் 23.7 கோடி டாலருக்கு, அங்கே விற்றது சுமார் 28 லட்சம் டாலருக்கு. வித்தியாசத்தை இறக்குமதியால் வகுத்தால் 99 சதவீதம், அதில் பாதி 50. கணக்கு அவ்வளவுதான். அமெரிக்கச் சரக்கை வாங்கக் கையில் காசில்லை என்பதற்காக ஒரு நாட்டைத் தண்டிக்கும் கணக்கு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வரி உடனே நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அமெரிக்க நிறுவனங்கள் ஆர்டரை நிறுத்தின, ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஜூலையில் இளைஞர் வேலையின்மையைக் காரணம் காட்டி அரசு தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது. ஆகஸ்டில் 50 சதவீதத்துக்குப் பதிலாக 15 சதவீத வரி அமலுக்கு வந்தது. செப்டம்பர் முடிவில் அகோவாவின் காலக்கெடுவும் தீர்ந்தது. தென்னாப்பிரிக்கக் கடைகளுக்குத் தைக்கும் ஆலைகளும் லெசோத்தோவில் உண்டு. ஆனால் அமெரிக்க ஆர்டருக்கென வளர்ந்த ஆலைகள் அத்தனைக்கும் வேலை கொடுக்கிற அளவுக்குப் பெரிய சந்தை அல்ல தென்னாப்பிரிக்கா.