எஞ்சிய உணவும் இத்ரிய்யாவும்

மதரஸாவில் நண்பகல் உணவு வேளை. மாணவியர் வட்டமாக அமர்ந்து தத்தம் பாத்திரங்களைத் திறந்தனர். ஒருத்தியின் பாத்திரத்தில் கடையில் வாங்கிய பெட்டிப் பாஸ்தா இருந்தது. தோழியர் ஆவலுடன் எட்டிப் பார்த்தனர். ஆளுக்கு ஒரு கரண்டி கேட்டனர். சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்து அமர்ந்து, மூடியால் பாத்திரத்தைப் பாதி மறைத்தபடி உண்டு கொண்டிருந்தாள் மற்றொரு சிறுமி. எஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்து, எலுமிச்சை பிழிந்த உணவு அது.

"என்ன கொண்டு வந்திருக்கிறாய், மகளே?" என்று கேட்டேன்.

"மிச்சம்தான் உஸ்தாதா" என்றாள் தலையைக் குனிந்து. சற்றுப் பொறுத்து, "எப்பவும் மிச்சத்தை உம்மாதான் சாப்பிடுவாங்க. இன்னைக்கு வேற இல்ல" என்றாள்.

அவளுடைய மறுமொழி பல நாள்கள் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வரலாறு பயின்றவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். அன்று அந்த வட்டத்தில் போற்றப்பட்ட உணவும், மூடியால் மறைக்கப்பட்ட உணவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மாவை நூலாக்கி வேகவைத்து, கையில் இருப்பதைச் சேர்த்து உண்ணும் வழக்கமே இரண்டுக்கும் அடிப்படை. பெட்டியில் அடைத்து வண்ணப்படம் ஒட்டியதால் ஒன்று பெருமைக்குரியதாயிற்று. வீட்டில் ஆக்கியதால் மற்றொன்று வெட்கத்திற்குரியதாயிற்று. இந்த மயக்கத்தைப் போக்க வேண்டுமாயின், பாஸ்தாவின் கதையை நம் பெண்மக்கள் அறிதல் நலம்.

அரபியர் அறிந்த நூலுணவு

சீனத்திலிருந்து மார்க்கோ போலோ என்ற பயணி கொண்டு வந்து சேர்த்ததே பாஸ்தா என்று சொல்வோர் உண்டு. அது உண்மையன்று. மார்க்கோ போலோ தாயகம் திரும்பியது 1295ஆம் ஆண்டில். ஆனால் 1279ஆம் ஆண்டிலேயே ஜெனோவா நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவர் எழுதிய சொத்துப் பட்டியலில், ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இருந்ததாகக் குறிப்பு உள்ளது.

அதற்கும் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பு, 1154ஆம் ஆண்டில், புவியியல் அறிஞர் அல்-இத்ரீஸி சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்து தம் பெருநூலை நிறைவு செய்தார். பலெர்மோ நகருக்குக் கிழக்கே உள்ள த்ராபியா என்ற ஊரைப் பற்றி அதில் எழுதும்போது, அங்கு ஓடும் நீரால் இயங்கும் ஆலைகள் பல இருந்ததையும், இத்ரிய்யா என்னும் மாவுணவு மிகுதியாகச் செய்யப்பட்டதையும், முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் அது கப்பல் கப்பலாக ஏற்றுமதியானதையும் குறித்துள்ளார். 827ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்கள் ஆட்சி புரிந்த தீவு அது. காய்ந்த மாவுநூல் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். கடற்பயணத்துக்கும் பஞ்ச காலத்துக்கும் கைகொடுக்கும்.

1226ஆம் ஆண்டில் பாக்தாதைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் தொகுத்த சமையல் நூலில் ரிஷ்தா என்ற உணவு வருகிறது. ரிஷ்தா என்றால் பாரசீக மொழியில் நூல் என்று பொருள். மாவைப் பிசைந்து மெல்லிதாகத் தேய்த்து இழைகளாக வெட்டி, இறைச்சியுடனும் கடலையுடனும் பருப்புடனும் சேர்த்து வேகவைக்கும் முறை அது. இன்று நாம் எதைப் புதுமை என எண்ணுகிறோமோ, அது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாத் வீடுகளின் அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்தது.

தென் இத்தாலியின் அடுப்பங்கரை

இத்தாலியின் தென்பகுதி நெடுங்காலம் வறுமையில் வாடிய நிலம். அங்குள்ள இல்லத்தரசிகள் எதையும் வீணாக்க இயலாத நிலையில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கண்டறிந்த வழிகளே இன்று உலகெங்கும் விருந்துணவாகப் பரிமாறப்படுகின்றன.

சாலெந்தோ என்ற பகுதியில் "சிச்செரி எ த்ரியா" என்று ஓர் உணவு உண்டு. கொண்டைக்கடலையும் மாவுப்பட்டைகளும் சேர்ந்தது. த்ரியா என்ற சொல் இத்ரிய்யாவிலிருந்து வந்ததே. வெட்டிய பட்டைகளில் ஒரு பங்கை எண்ணெயில் பொரித்து எடுத்து, எஞ்சியதை வேகவைத்து, கடலையுடன் இரண்டையும் கலப்பார்கள். இறைச்சி இல்லாத குறையை அந்த மொறுமொறுப்பு தீர்த்து விடுகிறது.

நேப்பிள்ஸ் நகரத்துக் கடைகளில் பெட்டிகளின் அடியில் பலவகைப் பாஸ்தாக்களின் உடைசல்கள் தேங்கும். அவற்றை ஒன்றாகக் கலந்து மலிவாக விற்பார்கள். ஏழைகள் அவரையுடனோ உருளைக்கிழங்குடனோ சேர்த்துச் சமைப்பார்கள். முந்தைய நாள் மிஞ்சிய பாஸ்தாவை முட்டையுடன் கலந்து வாணலியில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டெடுப்பதும் அவ்வூர் வழக்கமே. பிள்ளைகளுடன் கடற்கரைக்குச் செல்வோர் அதைத் துண்டுகளாக்கி எடுத்துச் செல்வர். வடக்கே எமிலியா பகுதியில், பட்டைகள் வெட்டியபின் ஓரங்களில் மிஞ்சும் கோணல்மாணலான மாவுத் துண்டுகளுக்கு "மால்தால்யாத்தி" என்று பெயர். "தப்பாக வெட்டியது" என்பது பொருள். அவையும் அவரைச் சாற்றில் வெந்து உணவாகிவிடும்.

சிசிலியில் மத்தி மீனும் காட்டுச் சோம்புக் கீரையும் உலர்திராட்சையும் சேர்த்த பாஸ்தா புகழ் பெற்றது. மீன் வாங்க வழியில்லாத நாளில் மற்றவற்றை மட்டும் சேர்த்துச் சமைத்துவிட்டு, "மத்தி இன்னும் கடலில் இருக்கிறது" என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். இல்லாமையை மறைக்காமல் சிரித்துக் கொண்டே மேசையில் வைத்த அவர்களின் துணிவு நமக்கும் வேண்டும்.

பாலாடைக்கட்டி வாங்கப் பொருளில்லாதோர் காய்ந்த ரொட்டியைப் பொடித்து, எண்ணெயில் வறுத்து மேலே தூவினர். இது நமக்கு இருவகையில் உதவும். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலை உறையச் செய்யக் கன்றின் இரைப்பைச் சுரப்பு சேர்க்கப்படுகிறது. அது ஹலாலா என்ற ஐயம் நம் இல்லங்களில் எழுவது இயல்பு. வறுத்த ரொட்டித் தூளில் அந்த ஐயத்துக்கே இடமில்லை, செலவும் இல்லை.

திமிஷ்கிலும் கெய்ரோவிலும்

திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரில் "ஹர்ராக் இஸ்பஉ" என்ற உணவு பரவலானது. "விரலைச் சுட்டவன்" என்று பொருள். ஆறும்வரை பொறுக்காமல் கைவைத்தவனின் கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பை வேகவைத்து, அதில் மாவுத்துண்டுகளை இட்டு, புளியோ மாதுளைச் சாற்றுக் குழம்போ சேர்த்து, பூண்டும் கொத்தமல்லியும் தாளித்து, வறுத்த வெங்காயத்தை மேலே பரப்புவார்கள். புளிக்கு அரபியில் "தமர் ஹிந்தி" என்று பெயர். இந்தியப் பேரீச்சை என்பது பொருள். நம் புளிக்கு அங்கும் வேலை இருக்கிறது.

எகிப்து மக்களின் அன்றாட உணவான குஷரியில் அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு ஆகிய அனைத்தும் உண்டு. இந்தியாவில் பாசிப்பயறும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் கிச்சடியைப் பயணி இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். குஷரி என்ற பெயர் அந்தக் கிச்சடியிலிருந்து வந்தது என்பது பலரின் கருத்து.

நம் வீட்டில் மாவு பிசைதல்

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். இருநூறு கிராம் மைதா அல்லது கோதுமை மாவு, இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. மூவர்க்குப் போதும். முட்டை இல்லையெனில், ரவையை நைசாகப் பொடித்து மாவுடன் சமபங்கு கலந்து, நூறு மில்லி வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையலாம். கோதுமை மாவு இன்னும் சிறிது நீர் கேட்கும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விட்டால் மாவு இளகித் தேய்க்க வசதியாகும்.

பின்னர்ச் சப்பாத்திக் கட்டையில் மாவு தூவி, உள்ளங்கையை அடியில் வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்க்கவும். மேலும் சிறிது மாவு தூவிப் பாயைப் போலச் சுருட்டி, அரை விரல் அகலத்தில் நறுக்கி உதறினால் பட்டைகள் பிரிந்து விடும். கோணலாயின் கவலை வேண்டா. அதற்கும் இத்தாலியில் பெயர் இருப்பதைக் கண்டோம். காலையில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை மிஞ்சியிருந்தால் அதையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

நூறு கிராம் பட்டைக்கு ஒரு லிட்டர் நீர், பத்து கிராம் உப்பு. நீர் நன்கு கொதித்தபின் இட்டால் மூன்று நான்கு நிமிடங்களில் வெந்துவிடும். வடிக்கும் முன் ஒரு குவளை நீரை எடுத்து வையுங்கள். மாவின் கஞ்சி கலந்த அந்த நீரே எண்ணெயையும் மசாலாவையும் பட்டையுடன் ஒட்டவைப்பது. கடைச் சாறுப் புட்டி வாங்க வேண்டிய தேவையை அது குறைத்துவிடும்.

கைவசம் உள்ளதைக் கொண்டு

கறி ஆணம் எஞ்சியிருந்தால், எலும்பை நீக்கி இறைச்சியைச் சிறிதாகப் பிய்த்து, ஆணத்தைச் சுண்டவைத்து, ஒரு தக்காளியை அரிந்து வதக்கிச் சேர்க்கவும். எடுத்து வைத்த கஞ்சிநீரில் அரைக் குவளை விட்டு, வெந்த பட்டைகளைப் புரட்டினால் போதும். இருவர்க்குக்கூடப் போதாத ஆணம் ஐவர்க்கு உணவாகும்.

சுண்டலுக்கு வேகவைத்த கொண்டைக்கடலை எஞ்சியிருந்தால் ஒரு கைப்பிடி மசித்து, மீதியை முழுதாக விட்டு, பூண்டு வதக்கி, சாலெந்தோப் பெண்களைப் போலப் பட்டையில் ஒரு பங்கைப் பொரித்துச் சேர்க்கவும். வெறும் பருப்பு எஞ்சியிருந்தால் புளியும் வறுத்த வெங்காயமும் சேர்த்துத் திமிஷ்க் வழியில் செல்லலாம். எதுவுமே இல்லாத இரவில் எண்ணெய், பூண்டு, கிள்ளிய வற்றல் மிளகாய், கஞ்சிநீர், வறுத்த ரொட்டித் தூள் ஆகியவையே போதும். பூண்டைக் கருக விடாமல் மெல்லிய தீயில் வதக்குவதில்தான் சுவை இருக்கிறது.

ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டக் கூடாது. மீன் ஆணமும் பருப்பும் சாம்பாரும் கலந்தால் மூன்றும் கெடும். ஒரு மிச்சம், ஒரு மாவுணவு, மேலே ஒரு புளிப்போ மொறுமொறுப்போ. இந்த அளவுக்குள் நிற்பதே நல்லது.

கருத்தில் கொள்ள வேண்டியவை

வீண்விரயத்தைத் தவிர்க்கும் ஆர்வத்தில் உடல்நலத்தை மறந்துவிடலாகாது. சோறு, பாஸ்தா போன்ற மாவுணவுகளில் உள்ள ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சமைத்த உணவு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு நீங்காது. ஆகவே எஞ்சும் என்று தெரிந்தால், பரிமாறும் முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள்களுக்குள் உண்டு முடியுங்கள். ஒருமுறைக்கு மேல் சுடவைக்காதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த ஆணம் விரைவில் கெடும்; அதில் மிகுந்த கவனம் தேவை.

மிச்சம் யாருக்கு?

அந்தச் சிறுமியின் சொல்லுக்கே திரும்புகிறேன். "எப்பவும் மிச்சத்தை உம்மாதான் சாப்பிடுவாங்க." நம்மில் எத்தனை இல்லங்களில் இதுவே நடைமுறை! வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, முந்தைய நாளின் ஆணத்தை அடுப்படியில் நின்றபடியே உண்டு முடிப்பவர் தாய். உணவு வீணாகவில்லை என்பது உண்மையே. ஆனால் அதைக் காக்கும் சுமை முழுவதும் ஒருவர் மீதே விழுகிறது. நேப்பிள்ஸின் பெண்களும் திமிஷ்கின் பெண்களும் காட்டிய வழி வேறு. மிச்சத்தைப் புதிய உணவாக்கி அனைவர் முன்னும் வைத்தார்கள். அனைவரும் உண்டார்கள். அதனால்தான் அவை வெட்கப்பட்டு மறைந்து போகாமல், பெயர் பெற்று நிலைத்தன.

மறுவாரம் வகுப்பில் அல்-இத்ரீஸியைப் பற்றியும் த்ராபியாவின் ஆலைகளைப் பற்றியும் மாணவியர்க்கு எடுத்துரைத்தேன். யாரையும் சுட்டிப் பேசவில்லை. சில நாள்கள் கழித்து அதே சிறுமி, மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பாத்திரத்தை என் பக்கம் நீட்டினாள். சப்பாத்தி மாவில் வெட்டிய கோணல் பட்டைகள், கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயம்.

"உம்மாவும் நானும் சேர்ந்து செய்தோம் உஸ்தாதா. வீட்டில் எல்லாரும் ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிட்டோம்" என்றாள்.

ஒரு கரண்டி எடுத்துக் கொண்டேன். உப்பு சற்றுக் குறைவு, சுவைக்குக் குறைவில்லை. அன்பு வாசகியரே, இன்றிரவு உங்கள் இல்லத்தில் எது எஞ்சியிருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அதை உண்ண அனைவரையும் அழையுங்கள்.