ஆண் நாய்க்கு ரத்தம் சொட்டினால் அது சூடு அல்ல

ஐப்பசி, கார்த்திகை மழையோடு தெருவில் நாய்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். அந்த ஆட்டம் ஓய்ந்து சில மாதம் ஆனதும் வடசென்னையின் எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் குப்பம் பக்கமிருந்து ஒரே மாதிரியான நாய்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் வரத் தொடங்கும். எல்லாம் வீட்டில் வளரும் ஆண் நாய்கள். பகலில் சோபாவுக்கு அடியில் தூக்கம், இரவில் கேட்டைத் தாண்டிக் கடற்கரை வரை உலா. ஆணுறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் நாள் கணக்கில் வராது. "ரெண்டு மாசம் இருக்கும் சார். சூடு பிடிச்சிருக்குன்னு நெனச்சோம்."

முன்தோலை விலக்கினால் காலிஃபிளவர் பூவைப் போலச் சிவந்து, தொட்டாலே உதிர்ந்து ரத்தம் கசியும் கட்டி. சிறுநீர் போக முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகுதான் பலருக்கு ஆட்டோ பிடிக்கத் தோன்றுகிறது.

தொற்றிக்கொள்ளும் புற்றுநோய்

நாய்களுக்குப் பாலுறவு வழியாகப் பரவும் புற்றுக்கட்டி இது. வைரஸோ பாக்டீரியாவோ இதைப் பரப்புவதில்லை. புற்றுச் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்களின் வம்சம்தான் இன்று எர்ணாவூர் நாயிடமும் இருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த முதல் நாய் என்றோ செத்துப்போனது. அதன் புற்று மட்டும் சாகவில்லை. இனச்சேர்க்கை முடிந்து கட்டி கண்ணில் படப் பொதுவாக 2 முதல் 6 மாதம் ஆகும். நக்குவதாலும் முகர்வதாலும் வாய்க்குள்ளும் மூக்கிலும்கூட வரலாம். மூக்கில் ரத்தம் வழியும் நாய்க்குச் சளி மருந்து ஊற்றிக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

மனிதருக்கு இது ஒட்டாது. குழந்தை இருக்கிற வீடு என்பதற்காக நாயைக் கொண்டுபோய் மணலி சாலையில் இறக்கிவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கட்டியில் ஒத்தி எடுத்த ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் உறுதியாகிவிடும். சிகிச்சைக்கான ஊசி போடும் முன் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இளநீரும் சுண்ணாம்பும்

இந்த "சூடு" என்கிற சொல்லால் எத்தனை நாய்கள் வீணாகக் காத்திருக்கின்றனவோ. சித்திரை வெயில் என்றால் சூடு. கறி தின்றால் சூடு. சரி, சூடு என்றே வைத்துக்கொள்வோம். இளநீரும் மோரும் வெந்தயமும் கொடுத்துக் குறையாதபோதாவது சந்தேகம் வர வேண்டாமா? இளநீர் நாயைக் கொல்லாது. இளநீரை நம்பி ஓட்டுகிற மாதங்கள்தான் கொல்கின்றன.

அடுத்தது பற்றுப் போடுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டியின் மேல் அப்பிக்கொண்டு வருகிறார்கள். சுண்ணாம்பு காரம். ஈரமான மென்தோலில் பட்டால் வெந்துபோகும். கட்டியும் இருக்கும், அதைச் சுற்றிப் புண்ணும் இருக்கும். மரு உதிர நூல் கட்டுவது போல இதற்கும் நூல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. நாய்க்கு அது எப்படி வலிக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம் இதைவிட மோசம். "நாய்க்குப் புண்ணு, ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு, மீதம் கிடந்த ஆன்டிபயாட்டிக், வலிக்கு மனிதர் சாப்பிடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். இந்த இரண்டு வலி மாத்திரையும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கட்டிக்காக வந்த நாயைச் சிறுநீரகத்துக்காகக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"ஒரு தடவை கிராஸ் விட்டா சரியாயிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. நோய் வந்த வழியிலேயே மறுபடியும் அனுப்புகிற யோசனை இது. உங்கள் நாய்க்கும் சரியாகாது, அந்தத் தெருவில் இருக்கும் பெண் நாய்களுக்கும் பரவும்.

ஊசியைப் பாதியில் விடாதீர்கள்

"கீமோதெரபி" என்றதும் பாதிப்பேர் முகம் மாறிவிடுகிறது. அவ்வளவு பயம் தேவையில்லை. வின்கிரிஸ்டின் என்கிற விலை குறைந்த மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றுகிறோம். பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 வாரத்தில் கட்டி அடியோடு கரைந்துவிடும். புற்றுநோயில் இவ்வளவு நல்ல செய்தி சொல்ல எங்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

இந்த மருந்து முதலில் கிடைத்தது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. ஆம், கடலோர மணலில் தானாக முளைத்துக் கிடக்கிறதே, அதே சுடுகாட்டு மல்லிதான். இதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது, நாளைக்கே யாராவது இலையை அரைத்து ஊற்றிவிடுவார்கள். செய்யாதீர்கள். இலையில் மருந்து இருப்பது மிகமிகச் சிறிதளவு. மற்றபடி அந்தச் செடியில் நிறைய விஷம். ஊசி மருந்துகூட நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை அழுகும்; சரியாக ஏறினாலும் வெள்ளணுக்கள் குறையலாம். அதனால்தான் மருத்துவர் எடை பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிறோம்.

இரண்டாவது ஊசியோடு ரத்தம் நின்றுவிடும். அதோடு ஆளும் காணாமல் போவார். மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி வளர்ந்து வரும்போது அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். கட்டி முழுவதும் மறைந்தது என்று மருத்துவர் சொல்லும் வரை வாருங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குச் சிறுநீர், மலத்தை அள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா ரத்தமும் கட்டி அல்ல

வயதான, கருத்தடை செய்யாத நாய்க்குப் புராஸ்டேட் வீங்கினாலும் ரத்தம் சொட்டும், முக்கி முக்கி மலம் போகும். மழைத் தண்ணீர் தேங்கிய பிறகு காய்ச்சலோடு சிறுநீர் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; அது மனிதருக்கும் பரவும். முன்தோல் ஓரத்தில் லேசாக மஞ்சள் கசிவு மட்டும் என்றால் பெரும்பாலும் இயல்பே. உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தூக்கி வாருங்கள். ஆறு மாதமாகியும் விரை ஒன்று இறங்கவில்லை என்றால் அறுவை செய்து எடுத்துவிட வேண்டும். வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரையில் பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு அதிகம்.

விதைப்பைத் தோல் சிவந்து உரிந்தால் முதலில் உங்கள் பினாயில் பாட்டிலைப் பாருங்கள். தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் படுத்த நாய்க்கு முதலில் வெந்துபோவது அந்த இடம்தான்.

முயல், சின்சில்லா வளர்ப்பவர்களுக்கு

இப்போது சிலர் சின்சில்லாவும் வாங்கிவிடுகிறார்கள். ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்த கொறிக்கும் பிராணி. 27 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. எர்ணாவூரில் ஏசி இல்லாமல் அதை வளர்ப்பது கொடுமை. ஆண் சின்சில்லாவின் முன்தோலுக்குள் முடி வளையம்போலச் சுற்றிக்கொண்டு உறுப்பை இறுக்கும். அடிக்கடி நக்கினாலோ, சிறுநீர் போகத் திணறினாலோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், வழுவழுப்பான ஜெல் தடவி மருத்துவர் எடுத்துவிடுவார்.

ஆண் முயலின் விரை சில நேரம் மேலே ஏறி மறையும், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் முயலுக்கோ சின்சில்லாவுக்கோ வீட்டில் கிடக்கும் அமாக்சிசிலினை வாயில் ஊற்றாதீர்கள். குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கழிச்சல் கண்டு சாகும்.

கருத்தடையைப் பற்றி ஒரு மன்றாட்டு

நாய்க் கருத்தடையை விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிய ஊர் இது. சென்னை மாநகராட்சி 1996-இல் அதைத் தன் கொள்கையாக ஏற்றது. இருந்தும் வீட்டு ஆண் நாய் என்றால் "அவனுக்கு எதுக்கு சார், குட்டியா போடப் போறான்?" என்கிறார்கள். குட்டி போடுவது அவன் இல்லை, நோயைச் சுமந்து வருவது அவன்தான். காவல் காக்காது என்கிறீர்கள். குரைப்பதற்கும் விரைக்கும் சம்பந்தமில்லை. குண்டாகிவிடும் என்கிறீர்கள், சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். ஆண்மை போய்விடும் என்று வருத்தப்படுவது எப்போதும் வீட்டுப் பெரியவர்தான், நாய் இல்லை.

கருத்தடை, ஏற்கெனவே வந்த கட்டியைக் கரைக்காது. தெருவில் துணை தேடி ஓடுவதைக் குறைக்கும், புராஸ்டேட் வீக்கத்தையும் தடுக்கும். நாட்டு நாய்க்கு ஆறு மாதம் தாண்டியதும் கேளுங்கள். பெரிய இனங்களுக்கு ஒரு வயதுக்கு மேல். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மணலி வழியாக மாதவரம் பால்பண்ணைக்குப் போனால் அங்கேயும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உண்டு. இரவில் கேட்டைப் பூட்டுங்கள். குளிப்பாட்டும்போது வயிற்றுக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் கண்டால் இளநீர் வெட்டாதீர்கள், மறுநாள் காலையிலேயே நாயோடு வந்துவிடுங்கள்.