குறுஞ்செய்தியும் கூட்டுறவுக் கல்வியும்

கூட்டுறவு இயக்கத்துடன் கல்வி தொடக்க முதலே பிணைந்து வந்துள்ளது. 1844-இல் இங்கிலாந்தில் சங்கம் கண்ட ராச்டேல் முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். அச்சங்கம் பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கிற்று. நம் சங்கங்களிலோ கல்வி பெரும்பாலும் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது. காட்பாடி வட்டாரத்தில் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், வட்டிச் சலுகையின் கடைசி நாள் கடந்த பின்னரே அங்கத்தினர் பலர் அதனை அறிந்தனர். பலகையில் அறிவிப்பு இருந்தது. தறியை விட்டு வந்து படிக்கத்தான் எவருக்கும் பொழுதில்லை.

அங்கத்தினர் சங்கத்திற்கு வர இயலாதாயின், செய்தி அவர்களிடம் செல்லவேண்டும். அதற்குக் கைப்பேசி ஏற்ற கருவியாகும். 2006-இல் தோன்றிய ட்விட்டர், ஒரு பதிவுக்கு 140 எழுத்து என வரம்பிட்டது. 2017-இல் அது 280 ஆயிற்று. இத்தகைய குறும்பதிவுகளை ஆசிரியர்கள் பாடச் சுருக்கம் தரவும் வினா எழுப்பவும் பயன்படுத்தலாயினர்.

எழுத்தறியாதோருக்கு இதனால் பயன் யாது என்று வினவலாம். தேனி மாவட்டம் இதற்கு விடை கூறுகிறது. அங்கே ‘விடியல்’ என்னும் தொண்டு நிறுவனத்தைச் சார்ந்த சுமார் 300 பெண்கள், 2000-களின் இறுதியில் ஆடு வளர்க்க வங்கிக் கடன் பெற்றனர். ஒன்பது பெட்டை ஆடுகள், ஒரு கிடா ஆகியவற்றுடன் ஒரு கைப்பேசியும் அக்கடனில் அடங்கிற்று. இப்கோ கூட்டுறவின் கிசான் சஞ்சார் நிறுவனத்தின் வழியே, நாள்தோறும் சில குரற்செய்திகள் அவர்களை வந்தடைந்தன. ஆடு மேய்க்கும் இடமே பாடசாலையாயிற்று. கேட்டதைக் குழுவில் கூடிப் பேசியமையால் பாடம் மனத்தில் பதிந்தது. கைப்பேசி அப்பெண்களுக்கே உரியதாக இருந்தது என்பதையும் நாம் கருதவேண்டும். மகனுடைய கைப்பேசிக்கு அனுப்பும் செய்தி தாயைச் சேரும் என்பதற்கு உறுதி ஏது?

எழுதி அனுப்புவோர்க்கு ஒரு குறிப்பு. சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றில் தமிழில் 70 குறிகளே அடங்கும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கிடப்படும். ‘கூட்டுறவு’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது குறிகளாகும். ஆயினும், ‘ஆட்டுக் குட்டி பிறந்த அரை மணிக்குள் சீம்பால் கொடுக்கவும்.’ என்பது அவ்வரம்பினுள் அமைகிறது. ஒரு செய்திக்கு ஒரு கருத்தே போதுமானது. சுற்றறிக்கை நடையைக் கைப்பேசியில் ஏற்றுதல் வீண் முயற்சியாகும்.

குடியாத்தத்துக் கைத்தறி நெசவாளரும் நம் வட்டாரத்து விவசாயிகளும் இம்முறையால் பெறக்கூடிய நன்மை பெரிது. சங்கச் செயலாளர்கள் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய சொந்த எண்ணையும் பதிவேட்டில் குறித்துக்கொள்க. படிக்க இயலாதோர்க்குக் குரற்செய்தி அனுப்புக. மாதம் ஒருமுறையேனும் கூடி, அனுப்பியது விளங்கிற்றா என்று வினவுக. கேள்வி கேட்க வழியில்லாத செய்தி அறிவிப்பாகலாம், கல்வியாகாது. சலுகைகளின் கடைசி நாளை அங்கத்தினர் அனைவரும் முன்கூட்டியே அறியுமாறு நிர்வாகிகள் ஆவன செய்வார்களாக.