சர்க்கரைவள்ளிக் கிழங்கு: இனிப்பும் காரமும் கலந்த ஒரு வறுவல்

பொங்கலை ஒட்டிச் சந்தைகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவிவதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அத்தகைய ஒரு சமயத்தில், விளைவிப்போர் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். கிழங்கு இரண்டு குவியல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பருத்தவை எடைக்குக் காத்திருந்தன. கட்டைவிரல் பருமனுக்குச் சற்று மேற்பட்ட சிறு கிழங்குகளும், வண்டு துளைத்தவையும், பூஞ்சணம் பிடித்தவையும் மற்றொரு புறம் ஒன்றாகக் கிடந்தன. பதிவேட்டில் அதற்கு இடப்பட்டிருந்த பெயர் ‘கழிவு’. அது மாட்டுத் தொழுவத்திற்குப் போகும் என்றனர்.

அந்த ஒரு சொல்லில் இரண்டு பிழைகள் இருந்தன. சிறிய கிழங்கு கழிவன்று. பூஞ்சணம் பிடித்த கிழங்கோ மாட்டுக்கும் ஆகாது. இவ்விரண்டையும் ஒரு வறுவல் செய்யும் முறையைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

இவ்வறுவலுக்கு வெல்லமோ சர்க்கரையோ வேண்டுவதில்லை. இனிப்பு கிழங்கினுள்ளேயே பிறக்கிறது. கிழங்கில் மாவுப்பொருள் மிகுதி. அதனோடு, மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்றும் உண்டு. கிழங்கின் உட்பகுதி ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது மாவு இளகுகிறது. நொதி அதனை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. வெப்பம் இதற்கு மேலும் ஏறினால் நொதி தன் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே, கிழங்கு எவ்வளவு நேரம் இளஞ்சூட்டில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இனிக்கும். பெரிய கிழங்கு மெல்லச் சூடேறுவது இயல்பு. சிறிய கிழங்கு விரைவில் சூடேறிவிடுவதால், தீயை அடக்கி வைப்பது சமைப்பவர் பொறுப்பாகிறது. அதைச் செய்துவிட்டால் சிறியதும் பெரியதற்கு இளைத்ததன்று.

கிழங்கு சிறியதாயினும் முற்றியதாக இருத்தல் வேண்டும். நட்டு 110 முதல் 120 நாட்களில் பெரும்பாலும் முற்றிவிடும். ஒன்றை நறுக்கிப் பார்த்தால், முற்றிய கிழங்கின் வெட்டுவாய் நிறம் மாறாமல் உலரும்; முற்றாததில் பச்சை கலந்த கருமை படரும். அகழ்ந்தவுடன் சமைப்பதைவிட, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் வைத்திருந்து சமைப்பது நன்று. தோலில் பட்ட காயங்கள் ஆறும், இனிப்பும் கூடும். குளிர்பெட்டியில் வைத்தால் கிழங்கு கெடும்.

நால்வருக்கு அரை கிலோ கிழங்கு போதும். விறகு அடுப்பு உள்ள வீடுகளில், சமையல் முடிந்து தழல் அடங்கிய பின், கழுவித் துடைத்த கிழங்குகளைச் சுடுசாம்பலில் புதைத்து வைக்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஈர்க்கால் குத்தினால் தடையின்றி இறங்குவதே பதம். எரிவாயு அடுப்பாயின், கனமான இரும்பு வாணலியில் பரப்பி, மூடியிட்டு, மிகச் சிறு தீயில் அவ்வப்போது புரட்டி, ஏறத்தாழ அரை மணி வைக்கலாம். நீரில் வேகவைத்தால் இனிப்பில் ஒரு பங்கு நீரோடு போய்விடும்; கிழங்கும் குழைந்து வறுவலுக்கு ஆகாமற் போகும்.

ஆறியபின் தோலை உரித்து, விரற்கடை அளவு துண்டுகளாக நறுக்க வேண்டும். நெல்லிக்காயில் பாதியளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, அதில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தேவையான உப்பு ஆகியவற்றைக் குழைத்துத் துண்டுகளின் மேல் பூசிப் பத்து நிமிடம் வைக்கவும். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு சிவக்க வேண்டும். பிறகு பெருங்காயமும் கறிவேப்பிலையும் இட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பவும். சிறு தீயில் எட்டு அல்லது பத்து நிமிடம் புரட்டி எடுத்தால் புறம் மொறுமொறுப்பாகவும் அகம் மென்மையாகவும் அமையும். தீ மிகுந்தால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். ரசம் சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் இது ஏற்ற துணை.

எண்ணெய் சுவைக்காக மட்டுமன்று. செம்மஞ்சள் நிறச் சதைப்பற்றுள்ள கிழங்கில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டீன் மிகுதி. அதனை உடல் ஏற்கக் கொழுப்புப் பொருள் வேண்டும். 1963-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ கனகா, பூ சோனா ஆகியவை இவ்வகையின. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதை, கண்ணை நம்பி வாழும் நெசவாளர் குடும்பங்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீரிழிவு உடையோர் மட்டும் அளவறிந்து உண்பாராக.

இனிக் கெட்ட கிழங்கிற்கு வருவோம். கூன்வண்டு துளைத்த கிழங்கு, தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்புப் பொருள்களைச் சுரக்கிறது. துளைத்த பகுதியை வெட்டி எறிந்தாலும் கசப்பு எஞ்சும். அத்தகைய ஒரு துண்டு வாணலி முழுவதையும் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த கிழங்கில் தோன்றும் நச்சு, மாடுகளின் நுரையீரலைத் தாக்கி உயிரையும் பறிக்கவல்லது. சிறு கிழங்கை மிச்சப்படுத்தத் தவறுவது சில ரூபாய் நட்டம். கெட்டதைத் தொழுவத்தில் கொட்டுவதோ, ஒரு குடும்பத்தின் கறவை மாட்டையே இழக்கும் வழி. அதனை எரித்துவிடுவதே முறை. வண்டும் அடுத்த பயிருக்குப் பரவாது.

ஆகவே, குவியல்கள் இரண்டல்ல, மூன்றாக இருக்கட்டும்; பதிவேட்டிலும் மூன்று பத்திகள் இருக்கட்டும். பருத்தது சந்தைக்கு, சிறியது, அண்மையிலுள்ள நெசவாளர் சங்கத்தின் வாயிலாக, இருவருக்கும் கட்டுபடியாகும் விலையில் அடுக்களைக்கு, கெட்டது நெருப்புக்கு. அடுத்த முறை இருப்புச் சரிபார்க்க வரும்போது, ‘கழிவு’ என்னும் பத்தியில் உண்மையான கழிவு மட்டுமே எழுதப்பட்டிருக்கக் காண்போம் என நம்புகிறோம்.