மாத்திரையும் மரபணுத் திருத்தமும்: அரிவாள் செல் சோகைக்கு இரு வழிகள்

அரிவாள் செல் சோகையுடன் பிறக்கும் குழந்தை, முதல் சில மாதங்கள் நோயின் சாயலே தெரியாமல் வளர்கிறது. ஆறு மாதம் கடந்த பின்னர்தான், ஒரு நாள் கைவிரல்களும் பாதங்களும் வீங்கி, காரணம் புரியாத வலியில் குழந்தை ஓயாமல் அழத் தொடங்கும். பிறவியிலேயே இருக்கும் ஒரு நோய், பிறந்தவுடன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அரையாண்டுக் காலம் எங்கே ஒளிந்திருந்தது? நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948இல் எழுப்பிய இக்கேள்விதான், எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து உலகின் முதல் கிரிஸ்பர் மரபணுத் திருத்த மருத்துவத்தில் வந்து முடிந்தது.

நோயின் இயல்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் சிவப்பணுக்களுக்குள் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின், உயிர்வளியை இறக்கி வைத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்த இழைகளாக நீளும். அப்போது, வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டிய அணு, கதிர் அரிவாள் போல வளைந்து கெட்டிப்படுகிறது. மெல்லிய இரத்த நுண்குழாய்களில் இவ்வணுக்கள் சிக்கி அடைத்துக்கொள்ளும்போது, அடைபட்ட இடத்துக்கு அப்பாலுள்ள திசு மூச்சுத் திணறுகிறது. எலும்பில் நேர்ந்தால் தாங்கவொண்ணா வலி. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். அரிவாள் அணு பத்து முதல் இருபது நாள்களுக்குள் சிதைந்துபோகும், அதனால்தான் சோகை.

இந்த அணுக்களை 1910இல் முதன்முதலில் விவரித்தவர் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூற்றிலேயே உள்ளது என்று நிறுவி, ‘மூலக்கூற்று நோய்’ என்ற புதிய சொல்லையே மருத்துவத்துக்குத் தந்தனர். சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெர்னான் இங்ராம் இன்னும் நுணுகிச் சென்றார். அப்புரதச் சங்கிலியில் குளுடாமிக் அமிலம் அமர வேண்டிய ஓரிடத்தில் வாலின் என்னும் வேறொரு அமினோ அமிலம் அமர்ந்திருப்பதே வேறுபாடு. டிஎன்ஏ மொழியில் சொன்னால், ஒரேயோர் எழுத்து மாறியிருக்கிறது.

இத்தனை தீங்கு செய்யும் ஒரு மாற்றம் தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றது எப்படி? மலேரியாவே காரணம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் நோயாளி அல்லர். ‘பண்பு தாங்குபவர்’ மட்டுமே. அத்தகையோரைக் கொடிய மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த அந்தோணி ஆலிசன் 1954இல் காட்டினார். இரத்த நோய்களுக்கும் மலேரியாவுக்கும் இப்படியொரு உறவு இருக்கலாம் என்று அவருக்கு முன்பே, தலசீமியாவை வைத்துக் கருத்துரைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இந்த ஆங்கிலேய அறிஞர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். அரிவாள் செல் நோய் மிகுந்துள்ள மாநிலங்களுள் ஒடிசாவும் ஒன்று என்பது தற்செயல்தான். ஆயினும் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை.

இந்தியாவில் இம்மரபணு முதலில் அறியப்பட்ட இடம் நீலகிரி. 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் அம்மலையின் பழங்குடி மக்களிடையே இதைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்திருந்த தொழிலாளர்களிடையேயும் இது பதிவாயிற்று. குஜராத்திலிருந்து மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் வழியாக ஒடிசா வரை நீளும் பட்டையிலும், தெற்கே நீலகிரி, வயநாடு மலைகளிலும் நோய் பரவியுள்ளது. பழங்குடி மக்களிடையே 86 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பதாக மத்திய அரசு மதிப்பிடுகிறது. பழங்குடியினரிடம் மட்டுமே உள்ள நோய் என்று எண்ணுவது தவறு. மத்திய இந்தியாவின் பிற சமூகங்களிலும் இது காணப்படுகிறது.

இனி, வாட்சனின் கேள்விக்கு வருவோம். கருவிலிருக்கும் குழந்தை, தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியை ஈர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதற்கென வேறொரு வகை ஹீமோகுளோபினை உடல் உற்பத்தி செய்கிறது. இதைக் கருநிலை ஹீமோகுளோபின் என்பர். பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கி, வளர்ந்தோருக்கான ஹீமோகுளோபின் இடம்பிடிக்கிறது. அரிவாள் மாற்றம் இருப்பது இந்த இரண்டாவது வகையின் மரபணுவில்தான். முதல் வகை இரத்தத்தில் நிறைந்திருக்கும் வரை இழைகள் ஒட்டிக்கொள்ள இயலாது. குழந்தை நலமாக இருக்கும். அப்படியானால், உடல் மூடிவைத்துவிட்ட அந்தப் பழைய ஊற்றை மீண்டும் திறக்க முடியுமா?

முதலில் கிடைத்த விடை, விலை மலிந்த ஒரு மாத்திரை. ஹைட்ராக்சியூரியா என்னும் இம்மருந்து இரத்தப் புற்றுநோய்களுக்குப் பயன்பட்டு வந்தது. கருநிலை ஹீமோகுளோபினை இது ஓரளவு உயர்த்துவதை அறிந்த ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 299 நோயாளிகளிடம் முறையான சோதனை நடத்தினர். 1995இல் வெளியான முடிவின்படி, வலி நெருக்கடிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாகபுரியில் கடும் நோயுற்ற 60 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவே பெரும் பயன் தந்ததாக 2012இல் அக்குழு தெரிவித்தது. இந்திய நோயாளிகளுக்கு நோய் மிதமாகவே வரும் என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. இங்கு பரவலாக உள்ள மரபு வகையில் கருநிலை ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆயினும் மத்திய இந்தியாவின் மருத்துவமனைகளில் அடிக்கடி அனுமதிக்கப்படும் குழந்தைகள் அக்கருத்தை ஏற்கமாட்டார்கள்.

மாத்திரையை ஆயுள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் அது ஒரே அளவில் பயன்படுவதுமில்லை. நிலையான தீர்வு வேண்டுமாயின், ஊற்றை மூடும் கை எது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியவந்தது 2008ஆம் ஆண்டளவில். கருநிலை ஹீமோகுளோபின் மிகுந்தோர், குறைந்தோர் ஆகிய பலருடைய மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, பிசிஎல்11ஏ என்ற மரபணுவின்பால் ஐயம் திரும்பியது. அதன் புரதமே கருநிலை ஹீமோகுளோபினை அடக்குகிறது என்று பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆகியோர் செய்முறையில் நிறுவினர்.

அப்படியே அந்த மரபணுவை அழித்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அதே மரபணு தேவைப்படுகிறது. 2013இல் வழி பிறந்தது. அம்மரபணுவைச் சிவப்பணுக்களில் மட்டும் முடுக்கிவிடும் ஒரு சிறு டிஎன்ஏ பகுதியை ஆர்க்கினின் ஆய்வுக் குழுவினர் கண்டனர். வீட்டின் முதன்மை மின்தொடர்பைத் துண்டிக்காமல், ஓர் அறைக்கான பொத்தானை மட்டும் செயலிழக்கச் செய்வதற்கு இதை ஒப்பிடலாம்.

வெட்டுவதற்கான கருவியும் அதற்குள் ஆயத்தமாகிவிட்டது. பாக்டீரியாக்கள் வைரசுகளை எதிர்க்கப் பயன்படுத்தும் கிரிஸ்பர் முறையை, விரும்பிய இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கத்தரியாக்கலாம் என்று எம்மானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2012இல் காட்டினர். 2020இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, இக்கத்தரியால் அந்தச் சிறு பகுதியை வெட்டிச் சிதைத்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துவதே ‘கேஸ்ஜெவி’ சிகிச்சை. அரிவாள் எழுத்து அப்படியே இருக்கும், அதைத் தொடுவதேயில்லை. பழைய ஊற்று திறந்துகொள்கிறது, அவ்வளவே. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் வழங்கின. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 நோயாளிகளில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டேனும் கடும் வலி நெருக்கடி வரவில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு குறிப்பிட்டது.

வியப்புக்குரிய வெற்றிதான். ஆனால் அமெரிக்காவில் இதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழங்குகிறது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் தொலைவு விளங்கும். பணம் மட்டுமே தடையும் அன்று. திருத்திய அணுக்களுக்கு இடமளிக்க, எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களைக் கடுமையான புற்றுநோய் மருந்தால் முதலில் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் தனித்திருக்க வேண்டும்; மகப்பேற்றுத் திறன் பாதிக்கப்படவும் கூடும். இதற்குரிய வசதி கொண்ட மருத்துவமனைகள் பெருநகரங்களில்தான் உள்ளன. நோயாளிகளோ காட்டோர ஊர்களில் இருக்கிறார்கள்.

விலையைக் குறைக்கும் முயற்சி இந்தியாவில் நடக்காமலில்லை. தில்லியிலுள்ள அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம், வேறொரு பாக்டீரியாவின் கத்தரியைச் செம்மைப்படுத்தி, ‘பிர்சா 101’ என்ற சிகிச்சையை உருவாக்கியுள்ளது. பழங்குடி விடுதலை வீரர் பிர்சா முண்டாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. 2025 நவம்பரில் அதை அறிவித்த அரசு, தொழில்நுட்பத்தைச் சீரம் நிறுவனத்துக்கு அளிப்பதாகவும் தெரிவித்தது. வேலூரிலுள்ள குருத்தணு ஆய்வு மையத்தில், டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டாமல் எழுத்தை மட்டும் மாற்றும் நுட்பத்தைக் கொண்டு கருநிலை ஹீமோகுளோபினை உயர்த்தும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இவை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுப் பரவலாகக் கிடைக்க இன்னும் காலமாகும். அதுவரை மாத்திரையை இரண்டாந்தரமாகக் கருதுவது சரியன்று என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம். ஹைட்ராக்சியூரியா ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாதம் தவறாமல் கிடைக்குமானால், அதனால் தவிர்க்கப்படும் துன்பம், வருங்காலத்தில் மரபணுத் திருத்தம் பெறவிருக்கும் சில நூறு பேரின் நலத்தைவிடப் பன்மடங்காக இருக்கும்.

அதற்கு முதல் தேவை, யாருக்கு நோய் உள்ளது என்று அறிவது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்தது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டு, அவர்களுள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோயும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பண்பும் இருப்பது அறியப்பட்டது. சோதிக்கப்பட்டோருக்கு அவர்தம் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது.

இந்த அட்டையைக் கையாள்வதில் கவனம் வேண்டும். கணவன், மனைவி இருவரும் பண்பு தாங்குவோராயின், ஒவ்வொரு பிறப்பிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே திருமணத்துக்கு முன் அட்டையைப் பார்த்துக்கொள்க என்று அறிவுறுத்தப்படுகிறது. கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் 1970களில் இதே முயற்சி நடந்தது. பண்பு தாங்கும் பெண்களை மணக்கத் தயங்கினர். சிலர் உண்மையை மறைத்தனர். முடிவில், பண்பு தாங்குவோர் தமக்குள் மணந்துகொண்ட எண்ணிக்கை, சோதனையே நடக்காதிருந்தால் எதிர்பார்க்கப்பட்ட அளவிலேயே இருந்தது. அமெரிக்காவிலும் அக்காலத்தில் பண்பு மட்டுமே கொண்ட கறுப்பின மக்களுக்கு வேலையும் ஆயுள் காப்பீடும் மறுக்கப்பட்டதுண்டு. அந்நாட்டு விமானப்படைக் கல்விக்கூடம் அவர்களுக்கு 1981 வரை கதவடைத்திருந்தது. பண்பு தாங்குவோருக்குச் சிகிச்சை தேவையில்லை. அவர்களின் ஆயுளும் உழைப்பும் பிறருடையதைப் போன்றவையே. இச்செய்தி அட்டையுடன் சேர்ந்தே ஊர்தோறும் சென்றாக வேண்டும். நோயாளிகளைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. குடும்பத்தினர் மாவட்ட மருத்துவக் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வழியுண்டு.

சோதனைக்கு விரல் நுனி இரத்தத்தின் சில துளிகள் போதும். குடும்பத்தில் எவருக்கேனும் நோயோ பண்போ இருப்பது தெரிந்திருந்தால், குழந்தை பிறந்தவுடனே சோதித்துவிடுவது மிகுந்த பயன் தரும். மண்ணீரல் சிதைவதால் இக்குழந்தைகள் நிமோனியாக் கிருமிக்கு எளிதில் இரையாவர். அவர்களுக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுத்தால் கடும் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டிவிட்டது. கருநிலை ஹீமோகுளோபின் காத்து நிற்கும் அந்த முதல் சில மாதங்களுக்குள்ளேயே அம்மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.