விளையாட்டிலே வரும் சட்டம்!

தம்பி! ஆவடியிலே ரயிலேறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் இளைஞன் கையிலே கைப்பேசி. படமா? பாட்டா? இல்லை, வினாடி வினா! “கைதானவரை எத்தனை மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும்?” 24 என்று தொட்டான், பச்சை ஒளிர்ந்தது!

வெறும் பொழுதுபோக்கு என ஏளனம் பேசுவோர் உண்டு. ஏளனம் வேண்டாம்! அந்த 24, அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தந்த காவல்! பயண நேரம் நீங்கலாக, அதற்குமேல் மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றி எவரையும் அடைத்துவைக்க முடியாது. பூந்தமல்லியிலே ஓர் ஏழையை இரவிலே இழுத்துச் சென்றால், அவன் வீட்டாருக்குத் துணை அந்த எண்தான்!

ஆனால் சட்டம் எந்த மொழியிலே பேசுகிறது? 2024 ஜூலை 1 முதல், மோசடிக்கான 420-ஆம் பிரிவு 318 ஆயிற்று; சட்டத்தின் பெயரோ பாரதிய நியாய சன்ஹிதா! வாயில் நுழையாதது நெஞ்சில் நுழையுமா? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேரக் கிளாட் தேர்வு. அது ஆங்கிலத்தில் மட்டுமே! உயர்நீதிமன்றத்திலே தமிழ் வேண்டுமென 2006-இலே சட்டமன்றம் தீர்மானித்தது. இசைவு இன்னும் வரவில்லை.

வரும்வரை வாளாவிருப்பதா? படிப்பகம்தோறும் தமிழிலே சட்ட வினாடி வினா நடத்து! வென்றவனுக்குக் கைதட்டு, தோற்றவனுக்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்டு. விடை தெரிந்தவன் காவல் நிலைய வாசலிலே கைகட்டி நிற்கமாட்டான்!